தினமும் மார்ச் பதினைந்து

"தொழிற்சாலையில் எதையேனும் அளக்கப் பயன்படும் ஒவ்வொரு கருவியும் உண்மையான அளவையே காட்ட வேண்டும். காட்டாத கருவியில் சிவப்பு வில்லை ஒட்டி, யார் கைக்கும் எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும்."

எங்கள் தரக் கையேட்டின் பதினோராம் பிரிவு, மூன்றாம் பத்தி இது. எழுதியவன் நான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பற்சக்கரம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பிரிவையும் ஆவணங்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மைக்ரோமீட்டர், அழுத்தமானி, எடை மேடை என்று எல்லாவற்றையும் பட்டியலிட்டு எண் கொடுத்தேன். கேன்டீனில் அரிசி நிறுக்கும் தராசுக்குக்கூட எண் வில்லை உண்டு. சமையல்காரர் அதைப் பார்த்துவிட்டு, தன் கரண்டிக்கும் ஒன்று ஒட்டித் தரச் சொன்னார். அவர் கிண்டல் செய்தது எனக்கு மறுநாள்தான் உறைத்தது.

கம்ப்யூட்டருக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது, அதுவும் அளக்கும் கருவிதான் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை. அதனால் ஒருவரின் வேலை போக இருந்தது. மென்பொருள் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இந்த ஒரு கதைதான். நிரல் எழுதுவது பற்றி என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

1997ஆம் வருடம். ஆய்வுக்கூடத்தில் எட்டு மேஜைகள். ஒவ்வொன்றிலும் ஒருவர் பற்சக்கரத்தை அளந்து, அளவைக் காகிதத்தில் எழுதுவார். அந்த அளவுகள் நேரே கம்ப்யூட்டரில் பதிவாக வேண்டும் என்று எங்கள் பெரிய வாடிக்கையாளர் கேட்டார். எம்.டி. எங்கேயோ ஏலத்தில், திரையும் கீபோர்டும் மட்டுமே உள்ள எட்டுப் பழைய டெர்மினல்களை எடுத்து வந்தார். எட்டையும் ஒரே கம்ப்யூட்டரோடு இணைக்க ஒரு கார்டும் வாங்கினார். இதையெல்லாம் ஓட்டக்கூடிய இயக்க முறைமையை மட்டும் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸிலேயே முடித்துக்கொள்ளச் சொன்னார்.

அந்த வேலை ஜெயந்தியிடம் வந்தது. மின்னணுவியலில் டிப்ளமோ படித்தவர். அப்பா ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஊழியர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், குடியிருப்பது குவார்ட்டர்ஸில். எங்களிடம் ஆறு மாதத் தகுதிகாண் பணியில் சேர்ந்திருந்தார். ஏப்ரல் முப்பதோடு அது முடிகிறது. மார்ச் தொடக்கத்தில் எம்.டி. அவரைக் கூப்பிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "முப்பதாம் தேதிக்குள்ள எட்டு டெர்மினலும் எரியணும். எரிஞ்சா வேலை ஆர்டர் தர்றேன். இல்லேன்னா நீ வேற இடம் பாத்துக்கலாம்."

லினக்ஸுக்கு எங்கள் கார்டைத் தெரியவில்லை. தெரியவைக்க ஒரே வழி, அதன் மையப் பகுதியான கெர்னலை மூலநிரலிலிருந்து நாமே கம்பைல் செய்வது. நீங்கள் இன்று தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் அது முடிந்துவிடும். எங்களுடையது 386 என்ற பழைய, மெதுவான ரகம். மனிதர் படிக்கக்கூடிய நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றி, கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்ட வேண்டும். அதற்கே ஐந்தரை மணி நேரம் ஆகும் என்று ஜெயந்தி கணக்குப் போட்டார்.

அந்த ஐந்தரை மணியைத் தொடங்குவதற்கே ஒரு மாதத்துக்கு மேல் போயிற்று. தன்னுடன் படித்த ஒருவர் வேலை பார்த்த கல்லூரியிலிருந்து ஜெயந்தி ஃப்ளாப்பிகளில் நகல் எடுத்து வருவார். பதினாலாவது ஃப்ளாப்பி படிக்காது. மறுபடியும் பஸ் ஏறுவார். எல்லாம் ஏறிய பிறகு, ஏதோ ஒரு கோப்பு இல்லை என்று திரை சொல்லும். அதைக் கொண்டுவந்தால், அதற்குத் தேவையான இன்னொன்று இல்லை என்று சொல்லும். எதையும் கேட்டு வாங்க ஒரு ஆள் கிடையாது. புகார் எழுத ஒரு முகவரி கிடையாது. விற்பவரே இல்லாத பொருளை எந்த விதியின் கீழ் ஏற்பது என்று நான் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவர் அடுத்த ஃப்ளாப்பியைப் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் ஸ்டோர்ஸ் வேலையும் நடந்தது. கரையான்சாவடியிலிருந்து வரும் ஏழுமலை, காலை எட்டரைக்கு அதை டாஸ் என்ற பழைய இயக்க முறைமையில் திறந்து முந்தின நாள் வரவு செலவுகளைப் பதிவார். ஒன்பதரைக்கு எழுந்துகொள்வார். பிறகு ஜெயந்தி அதையே லினக்ஸில் கிளப்புவார்.

அந்தக் கோடையில் தினமும் ஒரு மணிக்கு மின்சாரம் போய், இரண்டரைக்கு வந்தது. யூ.பி.எஸ். இருபது நிமிடம் தாங்கும். ஜெனரேட்டர் பட்டறைக்கு மட்டும். மாலை ஆறுக்குப் பிறகு பூட்டிய அறையில் எந்த மின்கருவியும் ஓடக்கூடாது. அதுவும் நான் எழுதிய விதிதான். ஆக ஜெயந்திக்குத் தேவை ஐந்தரை மணி. கிடைத்தது காலையில் மூன்றரை, பிற்பகலில் மூன்றரை.

"இரண்டையும் கூட்டினால் ஏழு வருகிறதே?" என்று நான் கேட்டேன்.

"அதேதான் சார் எனக்கும் புரியல," என்றார். "இதுல மேக்னு ஒண்ணு இருக்கு. மேஸ்திரி மாதிரி. எந்தக் கோப்பு முடிஞ்சிருக்கு, எது பாக்கின்னு பாத்து, பாக்கியை மட்டும்தான் செய்யணும். பாதியில கரண்ட் போனா, விட்ட இடத்துலேர்ந்து தொடங்கணும். புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு. இங்க மட்டும் ஒவ்வொரு தடவையும் முதல்லேர்ந்து வருது."

எனக்கு லினக்ஸ் தெரியாது. ஆனால் புத்தகத்தில் இருப்பது ஒன்று, நடப்பது வேறொன்று என்றால் எனக்குத் தூக்கம் வராது. தொழில் அப்படி. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். காலை ஒன்பதே முக்காலுக்குத் திரையில் ஓடும் கோப்பின் பெயரைக் குறித்தேன். பிற்பகல் இரண்டே முக்காலுக்கு மறுபடி குறித்தேன். ஒரு வாரம் இப்படிச் செய்தேன். பெயர் மாறவே இல்லை. முதல் கால்மணியில் வர வேண்டிய அதே கோப்பு ஒரு நாளைக்கு இரண்டு முறை வந்துகொண்டிருந்தது.

ஏழுமலை இதை வேடிக்கை பார்த்தார். "இன்னா சார், அந்தப் பொண்ணு பொட்டியாண்ட குந்திகினு எழுத்து ஓடறத பாத்துகினே கீது. நீயும் நோட்டு எடுத்துகினு வந்துட்ட. படம் எதுனா ஓடுதா?"

"ஓடுது அண்ணே. இடைவேளையோட முடிஞ்சிடுது," என்றார் ஜெயந்தி, திரையிலிருந்து கண்ணெடுக்காமல். "உங்க சாப்பாட்டு டப்பாவை கீபோர்டு மேலேர்ந்து எடுங்க. தானா அடிக்குது."

"அடிச்சா அடிக்கட்டும். நீ அடிச்சதுலயே ஒண்ணியும் வர்ல."

சந்தேகங்கள் வரிசையாக வந்தன. ஹார்டு டிஸ்க் பழுது என்று நினைத்தோம், சோதித்ததில் இல்லை. மின்சாரம் திடீரென்று போவதால் கோப்புகள் கெடுகின்றன என்று நினைத்தோம். ஒரு நாள் பன்னிரண்டே முக்காலுக்கே ஜெயந்தி முறையாக அணைத்துப் பார்த்தார். இரண்டரைக்குத் தொடங்கினால் மறுபடி முதலிலிருந்து. மேக் நிரலே கெட்டுப்போனது என்று கல்லூரியிலிருந்து வேறு நகல் வந்தது. அதுவும் அதையே செய்தது. அவர் அலுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. அண்ணனூரில் ரயிலுக்கு நிற்கும்போதுகூட அந்த மேஸ்திரிக்கு என்ன குறை என்றுதான் யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். ஆனால் தேதி இருபத்தொன்பது ஆகிவிட்டது.

அன்று செவ்வாய்க்கிழமை. முப்பதாம் தேதி எம்.டி. கேட்டால் காட்டுவதற்கு ஏதாவது காகிதத்தில் வேண்டும் என்று ஜெயந்தியிடம் சொன்னேன். எனக்குத் தெரிந்த உதவி அதுதான். அவர் கோப்புகளின் பட்டியலை அச்சடித்துக் கொடுத்தார். பெயர், அளவு, தேதி. மாலை நான்கு மணிக்கு அதை என் மேஜையில் வைத்துப் படித்தேன்.

நான் இருபது வருடம் ஆய்வு அறிக்கைகளைப் படித்தவன். போலி அறிக்கையைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. பொருள் வாசலுக்கு வந்த தேதியையும், அதை ஆய்வு செய்த தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வராத பொருளை ஆய்வு செய்திருந்தால், அறிக்கை எங்கேயோ உட்கார்ந்து எழுதப்பட்டது.

அவரைக் கூப்பிட்டேன். "இதில் எது வந்த பொருள், எது செய்த பொருள்?"

"சி-ன்னு முடியறதெல்லாம் நாம ஃப்ளாப்பியில கொண்டுவந்தது. ஓ-ன்னு முடியறது மெஷின் செஞ்சது சார்."

"செஞ்ச பொருளோட தேதி, வந்த பொருளோட தேதிக்கு முன்னால இருக்கே?"

ஜெயந்தி தாளை வாங்கிப் பார்த்தார். மூலக் கோப்புகள் எல்லாம் 1996. அவற்றிலிருந்து நேற்றும் இன்றும் செய்யப்பட்டவை எல்லாம் 15 மார்ச் 1995.

"சார், மேக் தேதியைப் பாத்துதான் முடிவு பண்ணும்," என்றார் மெதுவாக. "செஞ்சது புதுசா இருந்தா விட்டுடும். மூலம் அதைவிடப் புதுசா இருந்தா, யாரோ மூலத்தைத் திருத்தியிருக்காங்கன்னு நெனச்சு மறுபடி செய்யும். நம்ம மெஷின் என்ன செஞ்சாலும் அது ஒரு வருஷம் பழசு."

நீங்கள் இன்று வைத்திருக்கும் மேக் இப்படி ஒன்றைக் கண்டால் எச்சரிக்கும். எங்களுடையது வாய் திறக்காமல் வேலை செய்யும் வகை.

இருவரும் கம்ப்யூட்டர் அறைக்குப் போனோம். திரையின் இடது ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பணிக் குறிப்பு எண் ஏழு. "காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் தேதி 15-3-95 எனக் கொடுக்கவும். பிறகே ஸ்டோர்ஸ் நிரலைத் திறக்கவும்." கீழே தயாரித்தவர் கையெழுத்து, ஒப்புதல் கையெழுத்து, எல்லாம் முறைப்படி.

அந்த ஸ்டோர்ஸ் நிரலை வானகரத்தில் ஒருவரிடம் ஒரு வருட உபயோகத்துக்கு வாங்கியிருந்தோம். வருடம் முடியும்போது அவர் கடையை மூடிவிட்டு வெளிநாடு போய்விட்டார். காலாவதியானதும் நிரல் திறக்கவில்லை. தேதியைப் பின்னால் தள்ளினால் திறந்தது. எனவே ஏழுமலை தினமும் காலையில் தள்ளினார். உண்மைத் தேதியைப் பேனாவால் எழுதிக்கொண்டார். அந்த நிரலைப் பொறுத்தவரை எங்கள் தொழிற்சாலை ஏறக்குறைய இரண்டு வருடமாக ஒரே புதன்கிழமையில் இயங்கிக்கொண்டிருந்தது.

ஜெயந்தி அந்தச் சீட்டைத் தினமும் பார்த்திருக்கிறார். ஸ்டோர்ஸ் சமாச்சாரம் என்று விட்டிருக்கிறார். டாஸில் மாற்றிய தேதி மெஷினுக்குள்ளேயே தங்கி லினக்ஸுக்கும் வரும் என்று யாரும் யோசிக்கவில்லை.

"யார் சார் இதை எழுதினது?"

"நான்தான்."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். "கையெழுத்து நல்லா இருக்கு சார்," என்று மட்டும் சொல்லிவிட்டு, தேதியைச் சரிசெய்து வேலையைத் தொடங்கினார். ஆறு மணி வரை ஓடியது. முறையாக அணைத்தார்.

மறுநாள் ஏழுமலை எழுந்ததும் ஜெயந்தி முதலில் தேதியைச் சரிசெய்தார். மேக்கைக் கிளப்பினார். திரையில் முதலில் வந்தது நாங்கள் அதுவரை பார்த்திராத ஒரு பெயர். விட்ட இடத்திலிருந்து தொடங்கியிருந்தது. நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். ஏழுமலை ஸ்டோர்ஸுக்குப் போகாமல் பின்னால் நின்றார்.

"இன்னா சார், ரெண்டு பேரும் சிரிக்கறீங்க? இன்னிக்கு வேற படமா?"

"இடைவேளைக்குப் பிறகு வர்ற பாகம் அண்ணே," என்றார் ஜெயந்தி.

ஒரு மணிக்கு மின்சாரம் போனது. இரண்டரைக்கு வந்தது. மூன்றே முக்காலுக்கு கெர்னல் முடிந்தது. ஐந்து மணிக்கு ஏழு டெர்மினல்கள் எரிந்தன. எட்டாவதன் கேபிள் தளர்ந்திருந்தது; ஐந்தரைக்கு அதுவும் எரிந்தது. ஐந்தே முக்காலுக்குப் பணியாளர் பிரிவிலிருந்து ஒரு உறை வந்தது. எம்.டி. காலையிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு பெங்களூர் போயிருந்தார். ஒரே பணியில் எட்டு வாரம் செலவிட்டும் முடிக்காததால் ஜெயந்தி இன்றுடன் விடுவிக்கப்படுகிறார் என்றிருந்தது. எரிகிற எட்டுத் திரைகளுக்கு நடுவில் நின்று அவர் அதைப் படித்தார். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, எட்டாவது மேஜைக்காரருக்கு எப்படிப் பதிவது என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தாமதத்தின் காரணம் ஜெயந்தி, ஏழுமலை, நான் என்று மூன்று பேருக்குத்தான் தெரியும். எழுத வேண்டியவன் நான் ஒருவன். அடுத்த நாள் மே தினம், விடுமுறை. வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். கையேட்டின்படி, தவறு நடந்தால் குறைபாட்டு அறிக்கை எழுத வேண்டும். நிர்வாகம் ஏழு வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட அறிக்கைகளை மற்றவர்கள்மீது எழுதியிருக்கிறேன். மே இரண்டாம் தேதி என்மீதே ஒன்று எழுதினேன். காலாவதியான நிரல், பொய்யான தேதி, பணிக் குறிப்பு எண் ஏழு, அதனால் வீணான நாட்கள். பரிந்துரை: ஜெயந்தியை விடுவித்த உத்தரவை ரத்து செய்க.

திங்கட்கிழமை எம்.டி. என்னைக் கூப்பிட்டார். "என்னய்யா இது? அடுத்த மாசம் தரச் சான்றிதழுக்கு ஆடிட்டர் வர்றாரு. நாம திருட்டுத்தனமா நிரல் ஓட்டினோம்னு நீயே எழுதி ஃபைல் பண்ணியிருக்கே. வேற வேலை இல்லையா?"

"இதுதான் சார் என் வேலை."

"கிழிச்சுப் போடு."

"வரிசை எண் போட்டாச்சு சார். ஒரு எண் இல்லேன்னா ஆடிட்டர் அதைத்தான் முதல்ல கேப்பாரு."

அவர் தாளை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். அன்று பிற்பகல் மூன்றாவது டெர்மினல் நின்றது. அதைத் தொடத் தெரிந்தவர் யாரும் உள்ளே இல்லை. குவார்ட்டர்ஸில் ஜெயந்தியின் பக்கத்து வீட்டுக்குத் தொலைபேசி, அவரைக் கூப்பிடச் சொன்னேன்.

"நாளைக்கு வர முடியுமா? ஊழியராகக் கூப்பிட எனக்கு அதிகாரம் இல்லை. பார்வையாளராக வரலாம்."

"பார்வையாளரா வந்து எதைப் பார்க்கணும் சார்?"

"மூன்றாவது டெர்மினலை. அறிக்கை எழுதியிருக்கிறேன். பதில் எப்படி வரும் என்று சொல்ல முடியாது."

"உத்தரவு இல்லாத எடத்துல போய் நிக்காதேன்னு அப்பா சொல்றாங்க," என்றார். பிறகு அவரே தொடர்ந்தார்: "மூணாவதுதானே? அந்த போர்ட்டுல எனக்கு முன்னாடியே சந்தேகம் இருந்தது. வர்றேன்."

வந்தார். மறுநாள் ஆறாவது நின்றது, வந்தார். பிறகு நிற்பதற்குக் காத்திராமல் வந்தார். காவலாளி தினமும் பார்வையாளர் சீட்டு எழுதுவார், நான் கையெழுத்துப் போடுவேன். பார்க்க வேண்டியவர்: நான். காரணம்: அலுவல். வந்த நேரம் ஒன்பது, போன நேரம் ஆறு. அந்த நாட்களுக்கு அவருக்கு என்ன கிடைக்கும் என்று நான் பேசவில்லை. அது எனக்குப் பெருமை தரும் விஷயமல்ல.

"நீ இன்னா சார், தெனிக்கும் விருந்தாளிய இட்டாந்து வேலை வாங்குற?" என்றார் ஏழுமலை. "எங்க ஊட்ல விருந்தாளிக்கு டீயாச்சும் குடுப்பாங்க." அதன் பிறகு அவரே தினமும் தேநீர் கொண்டுவந்து வைத்தார், கீபோர்டிலிருந்து தள்ளி.

ஏழு நாள் போனது. நினைவூட்டல் எழுதினேன். பதினான்கு நாள் போனது. இரண்டாவது நினைவூட்டல். ஜூன் ஐந்தாம் தேதி ஆடிட்டர் வந்தார். மெலிந்த மனிதர், எதையும் குரல் உயர்த்தாமல் கேட்பார். டெர்மினல்களைப் பார்த்துத் திருப்தியடைந்தார். பிறகு வாசல் பதிவேட்டைக் கேட்டார்.

"இந்தப் பார்வையாளர் தினமும் ஒன்பதுக்கு வந்து ஆறுக்குப் போறாங்களே. யாரைப் பார்க்க?"

"என்னை."

"ஒரு மாசமாவா? என்ன விஷயமா?"

"நீங்க இப்போ திருப்திப்பட்ட விஷயமா."

அவர் குறைபாட்டு அறிக்கைக் கோப்பை எடுத்தார். என் அறிக்கையின் நகலை இரண்டு முறை படித்தார். பதில் கட்டம் காலியாக இருந்தது. "எழுதினவரும் நீங்க, குற்றவாளியும் நீங்க. இப்படி ஒண்ணு நான் பார்த்ததில்லை," என்றார். "ஆனா பதிலுக்கு ஏழு நாள்னு உங்க கையேடே சொல்லுதே." பதில் வராமல் சான்றிதழுக்குப் பரிந்துரைக்க முடியாது என்று எழுதிவிட்டுப் போனார்.

நான்கு நாள் கழித்து எம்.டி. என்னை அழைத்து இரண்டு தாள்களைக் கொடுத்தார். ஒன்று ஜெயந்திக்கான நியமன உத்தரவு, மே முதல் தேதியிலிருந்து. மற்றது என் அறிக்கை. பதில் கட்டத்தில் "ஏற்கப்பட்டது, நிரலை மாற்றவும்" என்று எழுதி, கையெழுத்துக்குக் கீழே மே எட்டாம் தேதி போட்டிருந்தார்.

"ஏழு நாளுக்குள்ள வந்துடுச்சு பாரு," என்றார். "நீ வாங்கின தேதியும் எட்டுன்னே போட்டுக்கோ. ஆடிட்டருக்கு நகல் அனுப்பிடு."

"சரி சார், மொதல்ல இந்த ஆர்டரைக் கொடுத்துட்டு வந்துடறேன்."

வாசலுக்குப் போனேன். ஜெயந்தி அன்றைய சீட்டுக்காக நின்றுகொண்டிருந்தார். உத்தரவைப் படித்து, நகலில் கையெழுத்திட்டார். அதைப் பணியாளர் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்கினேன். அடையாள அட்டை எழுதப்பட்டது. காவலாளி சீட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அவரை உள்ளே அனுப்பினார். இனி யார் நினைத்தாலும் அந்த உத்தரவைத் திரும்ப எடுக்க மூன்று கையெழுத்துகள் வேண்டும்; அதில் ஒன்று என்னுடையது.

அதன் பிறகுதான் என் மேஜைக்கு வந்தேன். அறிக்கையில் நான் நிரப்ப வேண்டிய கட்டம் ஒன்றுதான் பாக்கி இருந்தது. மை பேனாவால் நிரப்பினேன். பதில் பெறப்பட்ட தேதி: 9-6-1997, திங்கட்கிழமை.